அலைகரைக் காணியில் குடும்ப வீடு: ஒதுக்கீட்டுக் கோட்டை வைத்துக்கொண்டு எப்படிக் கட்டுவது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்கிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். ஒட்டுசுட்டானுக்குத் தெற்கே ஒரு குளத்தின் அலைகரையோடு (கட்டு இல்லாத, தண்ணீர் ஏறி இறங்கும் மேற்கரை) அரை ஏக்கர் காணி. அகலம் 80 அடி, வீதியிலிருந்து குளம் நோக்கி நீளம் 270 அடி. மேற்கே வீதி, கிழக்கே குளம், நிலம் மெதுவாகக் கிழக்கே சரிகிறது. நில அளவைப் படத்தில் கீழ்ப்பக்க 100 அடியைக் குள ஒதுக்கீடு, அதாவது குளத்துக்கென்று கட்டடமில்லாமல் விட வேண்டிய நிலம், என்று கோடு கீறிக் காட்டியிருக்கிறார்கள். மிச்சக் காணியில் ஒரு பெரிய பாலை மரம். அதற்குக் கீழே, கோட்டுக்குச் சற்று மேலே, போருக்கு முந்திய வீட்டின் சீமெந்துத் தளம். அம்மாவும் நீங்களும் வவுனியாவில், அண்ணா ரொறன்ரோவில், தம்பி லண்டனில். எல்லாரும் கூடினால் 14 பேர். தண்ணீருக்கு எவ்வளவு கிட்டப் போகலாமோ அவ்வளவு கிட்ட, இரண்டு மாடியில், குளப்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து, தண்ணீருக்குள் நீட்டிய ஒரு மேடையோடு கட்ட ஆசைப்படுகிறீர்கள். ஒதுக்கீட்டுக் கோடு எல்லாவற்றையும் கெடுக்கிறது என்கிறீர்கள்.

கோடு எதையும் கெடுக்கவில்லை. அந்தக் கோடே இல்லாவிட்டாலும் நான் உங்கள் வீட்டை இன்னும் மேலே, வீதிப்பக்கமாகத்தான் வைப்பேன். காரணத்தை விளங்கப்படுத்துகிறேன்.

வன்னிக் குளத்துக்கு நிலையான கரை கிடையாது. ஆண்டு மழை 1,200 முதல் 1,500 மில்லிமீற்றர் மட்டில் என்றால், அதில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரிக்குள் கொட்டிவிடும். டிசம்பர், ஜனவரியில் குளம் நிரம்பி வான் (மிஞ்சிய தண்ணீர் வழியும் இடம்) பாயும். பிறகு சிறுபோகத்துக்குத் துருசு (வயலுக்குத் தண்ணீர் விடும் மதகு) திறப்பார்கள், வெயிலும் குடிக்கும். யூலை கடைசியில் தண்ணீர் நடுக்குளத்துக்கு ஒதுங்கிவிடும். உங்கள் பக்கம் போன்ற சரிவு குறைந்த அலைகரையில் தண்ணீர் விளிம்பு நூற்றுக்கணக்கான அடி பின்வாங்கும். அண்ணாவும் தம்பியும் பிள்ளைகளோடு எப்போது வருவார்கள்? பள்ளி விடுமுறையில், யூலை, ஓகஸ்டில். அதாவது தண்ணீர் ஆகக் குறைந்திருக்கிற நேரத்தில். நீட்டிக் கட்டிய மேடை அப்போது வெடித்த சேற்றுக்கும் புல்லுக்கும் மேலே நிற்கும். டிசம்பரில் குளம் தளும்பும்போது அங்கே இருக்கப்போவது அம்மாவும் நீங்களும்தான்.

ஆகவே இந்த வீட்டை இரண்டு பருவத்துக்கு வரைய வேண்டும். ஓகஸ்டில் 14 பேர், தூரத்துத் தண்ணீர், சோளகக் காற்று, புழுதி, வெக்கை. டிசம்பரில் இரண்டு மூன்று பேர், கிட்டத்துத் தண்ணீர், வாடைக் காற்று, சாரல். இணையத்தில் பார்க்கிற வெளிநாட்டு ஏரிக்கரை வீடுகளின் படம் இந்த இரண்டுக்குமே உதவாது.

முதலில் காகிதம். உங்கள் காணி உறுதிக் காணியா, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரமா, அளிப்பா (அரசாங்கம் நிபந்தனையோடு வழங்கும் உரித்துப் பத்திரம்) என்று நீங்கள் எழுதவில்லை. வன்னிக் குடியேற்றத் திட்டங்களில் பெரும்பாலானவை பின்னைய இரண்டும்தான். அப்படியென்றால் மூன்று சகோதரங்கள் ஆளுக்கொரு பங்கு என்று நினைத்தபடி எழுதிவிட முடியாது, பின்னுரித்தாளரை (அடுத்ததாகக் காணி சேரும் ஆளை) நியமிக்கும் முறை வேறு. கனடா, பிரித்தானியக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு இரட்டைக் குடியுரிமை இருக்கிறதா என்பதும் முக்கியம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்துகிறது. வாரிசு வழியாக வருவதற்கும் இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் அதில் விலக்கு உண்டு. பிரதேச செயலகத்துக் காணிப் பகுதியில் இதை எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கியபிறகே வரைபடத்துக்குக் காசு கொடுங்கள். ஆட்கள் இல்லாத மாதங்களில் வீட்டைச் சுற்றுலாக்காரருக்கு வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே கேளுங்கள். குடியிருக்கவும் பயிர் செய்யவும் கொடுத்த அனுமதிப்பத்திரத்தில் வியாபாரத்துக்குத் தனி அனுமதி வேண்டும்.

அடுத்தது குளம் யாருடையது என்பது. வயல் பரப்பு 200 ஏக்கருக்கு உட்பட்ட சிறு குளமென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம். அதைவிடப் பெரிதென்றால் நீர்ப்பாசனத் திணைக்களம், மத்தியதோ மாகாணமோ. ஒதுக்கீட்டின் அகலம் குளத்துக்குக் குளம் மாறும். அதனால் உறவினர் ஒருவர் வேறு குளத்தில் அளந்து சொன்ன கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்தக் குளத்தின் இப்போதைய முழுநீர் மட்டம் என்ன, உச்ச வெள்ள மட்டம் என்ன, இரண்டும் என் காணியில் எங்கே விழுகின்றன? ‘இப்போதைய’ என்று அழுத்திக் கேளுங்கள். போருக்குப் பிறகு நிறையக் குளங்களைப் புனரமைத்துக் கட்டையும் வானையும் உயர்த்தியிருக்கிறார்கள். கிளிநொச்சி இரணைமடுக் குளத்திலேயே நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாகியது. பழைய ஆட்கள் ‘எங்கட காலத்தில தண்ணி இந்த மரத்தைத் தாண்டாது’ என்று சொல்வது உண்மையாக இருக்கும், ஆனால் அது பழைய வானின் உண்மை. 2018 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வளவுக்காரரிடம் கேட்டு அதையும் குறித்து வையுங்கள்.

ஒதுக்கீட்டுக்குள் மதில், கொங்கிறீற், மண் நிரப்பல், கம்பி வேலி எதுவும் வேண்டாம். சட்டம் ஒரு பக்கம். கோடையில் அந்த நிலத்தில்தான் ஊர் மாடு மேயும், நன்னீர் மீன்பிடிக்காரர் வள்ளத்தை ஏற்றி வைப்பார்கள், ஆட்கள் நடந்து போவார்கள். அங்குள்ள பற்றையும் மருதும் நாணலும் டிசம்பர் அலையை அடக்கி, மேட்டிலிருந்து அடித்துவரும் மண் குளத்துக்குள் போகாமல் பிடிக்கின்றன. வெளிநாட்டுக் காசில் வந்த ஒரு குடும்பம் குளக்கரையை மறித்தால் அந்த ஊரில் உங்கள் அம்மாவுக்கு இருக்கும் மரியாதை போய்விடும். இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

சரி, வீட்டுக்கு வருவோம். இருபக்கமும் 10 அடி விட்டால் உங்களுக்கு 60 அடி அகலம் கிடைக்கும். வீதியிலிருந்து 45 அடி உள்ளே தள்ளி வீட்டைத் தொடங்கி, 90 அடியில் முடித்துவிடுங்கள். பாலை மரம் வீட்டுக்கும் குளத்துக்கும் இடையில் நிற்கும். அதன் கிளை விரிந்திருக்கும் வட்டத்துக்குள் அத்திவாரமோ குழியோ வெட்டக் கூடாது. வேரில் கை வைத்தால் மரம் உடனே சாகாது, சில வருசம் கழித்து ஒரு காற்றுக்குச் சாயும். அந்த மரத்தின் தண்டுக்கும் கிளைக்கும் நடுவால் தெரியும் குளம், எந்தக் கண்ணாடிச் சுவரால் தெரிவதைவிடவும் ஆழமாக இருக்கும்.

காற்றைக் கவனியுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் தென்மேற்கிலிருந்து, அதாவது உங்கள் வீதிப்பக்கமிருந்து வந்து குளம் நோக்கிப் போகும். குளத்தைப் பார்த்தபடி கிழக்கே மட்டும் திறந்து, மேற்கைச் சுவரால் அடைத்துவிட்டால் ஓகஸ்டில் வீட்டுக்குள் காற்றே இராது. நவம்பர், டிசம்பரில் வாடை குளத்துக்கு மேலால் வந்து நேரே உங்கள் கிழக்கு விறாந்தையில் அடிக்கும். மேற்கு வெயில்தான் இங்கே பெரிய எதிரி. வன்னி 9 பாகை அகலாங்கில் இருப்பதால் ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் கடைசிவரை நண்பகல் சூரியன் சற்று வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே. அதனால் வடக்கு, தெற்கு இரண்டு பக்கமும் தாழ்வாரம் நன்றாக நீண்டிருக்க வேண்டும். மேற்குக்கு அது போதாது, அங்கே தடிப்பான ஏதாவது வேண்டும்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்கு வரும் படம் இது. வடக்கு தெற்காக 58 அடி நீளமான ஒரே கூரை. நடுவில் 18 அடி அகலமான மால், அதாவது பொதுக் கூடம், வீதிப்பக்கமும் குளப்பக்கமும் திறந்தது. மாலின் இருபுறமும் 20 அடி அகலத்தில் இரண்டு கட்டு. ஒவ்வொரு கட்டிலும் 10 அடிக்கு 14 அடியில் இரண்டிரண்டு அறை, எல்லா அறையும் கிழக்கே 10 அடி ஆழமான விறாந்தைக்குத் திறக்கும். குளியலறை, மலசலகூடம், களஞ்சியம் எல்லாம் மேற்குப் பக்கத்தில் வரிசையாக. பின்னேர வெயிலை அந்த அறைகள் வாங்கிக்கொள்ளும், படுக்கையறைச் சுவர் சூடேறாது. சோளகம் மாலுக்குள்ளால் ஓடும், அறைகளுக்குப் பக்கச் சாளரங்களால் காற்று வரும். மாலின் மேற்கு வாயிலுக்கு மரச்சட்டம் அடித்த மடிப்புக் கதவு போடுங்கள். மூடியிருந்தாலும் காற்று வரும், வீதிப் புழுதிக்கு முன்னால் ஒரு வரிசை செடி நடுங்கள்.

அறை சின்னதாக இருக்கிறதே என்று அண்ணா சொல்வார். சின்னதாகவே இருக்கட்டும். விடுமுறைக்கு வந்த ஆட்கள் அறைக்குள் இருப்பதில்லை. நித்திரைக்கும் பெட்டி வைக்கவும்தான் அறை. அம்மாவுக்கு ஒன்று, சகோதரங்களுக்கு ஆளுக்கொன்று. அந்தக் காசையும் இடத்தையும் மாலுக்கும் விறாந்தைக்கும் கொடுங்கள். சமையலுக்கு மரக்கறி வெட்டுவது, சீட்டாடுவது, பகல் நித்திரை, கதை, சண்டை, சமாதானம் எல்லாம் அங்கேதான் நடக்கும். விறாந்தை ஓரம் முழுக்க ஒன்றேகால் அடி உயரத்தில் குந்து கட்டினால் கதிரை வாங்கும் செலவும் மிச்சம்.

இரண்டாம் மாடி கேட்டீர்கள். முழுமாடி வேண்டாம், ஆனால் வடக்குக் கட்டுக்கு மேலே மட்டும் அரைச்சுவர் வைத்த ஒரு திறந்த மேல்மால் போடுங்கள். அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. ஓகஸ்டில் தண்ணீர் தூரப் போனபிறகு நிலமட்டத்திலிருந்து பார்த்தால் பற்றைதான் தெரியும். 12 அடி உயரத்தில் ஏறி நின்றால் பற்றைக்கு மேலால் நடுக்குளத் தண்ணீர், கூழைக்கடா, நாரை, மேயும் மாடு எல்லாம் தெரியும். இரவில் பிள்ளைகள் ஆறு பேரும் பாய் விரித்துப் படுப்பதும் அங்கேதான். வளையில் நுளம்புவலை கொளுவும் கொக்கிகளை இப்போதே வரைபடத்தில் குறியுங்கள், பிறகு துளைக்கிற வேலை வேண்டாம்.

கண்ணாடிச் சுவர் வேண்டாம் என்று மூன்று முறை சொல்வேன். கிழக்கு வெயில் காலை ஏழு மணிக்கே உள்ளே வந்து வீட்டைச் சூடாக்கும், குருவி வந்து அடிபடும், குரங்கு கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தோடு சண்டை பிடிக்கும், வருசத்தில் பாதி நாள் பூட்டியிருக்கிற வீட்டில் அதைத் துடைக்கவும் ஆள் இல்லை. வீதியிலிருந்து பார்த்தால் குளமே தெரியாமல் இருக்கட்டும். ஆட்கள் படி ஏறி மாலுக்குள் வந்தபிறகுதான் பாலை மரமும் தண்ணீரும் ஒரேயடியாகத் திறக்க வேண்டும். தம்புள்ளைக்குப் பக்கத்தில் கண்டலமக் குளத்தோடு கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வரைந்த விடுதி 1994இல் திறந்தது. அங்கே வாசலில் நிற்கிற ஆளுக்குக் குளம் தெரியாது. கல்மலையை ஒட்டித் தூண்களில் நிற்கும் அந்தக் கட்டடத்துக்குள் நடந்து போகப்போகத்தான் தெரியும். உங்களுக்கு இருப்பது அரை ஏக்கர்தான், ஆனாலும் இந்த யோசனையை எடுத்துக்கொள்ளலாம், அதற்குச் செலவில்லை.

தள உயரம்: உச்ச வெள்ள மட்டத்துக்கு மேலே குறைந்தது 3 அடி. நிலம் சரிவதால் மேற்கே ஒரு படியோடு ஏறிவிடலாம், கிழக்கே மூன்று நாலு படி இறங்க வேண்டியிருக்கும். அம்மாவுக்கு இது வசதி, வாகனத்தில் வந்து இறங்கி நேரே மாலுக்குள் போகலாம். அத்திவாரத்துக்கு முன் 5 அடி ஆழத்தில் இரண்டு குழி வெட்டி, கோடையில் ஒருமுறையும் மழையில் இன்னொருமுறையும் பாருங்கள். செம்மண் என்றால் கருங்கல் அத்திவாரம் தாராளமாகப் போதும். மன்னார் முருங்கன் பக்கத்தைப் போல, காய்ந்தால் பிளந்து நனைந்தால் உப்பும் கருங்களி என்றால் கதை வேறு. அங்கே கல் அத்திவாரம் மட்டும் போட்டால் சுவர் வெடிக்கும். களியைத் தாண்டி ஆழமாகத் தூண் இறக்கி, மேலே கொங்கிறீற் வளை போட்டுக் கட்டவேண்டும். இன்னொன்று, இதைத் தவிர்க்க முடியாது: உங்கள் காணி இருக்கும் பகுதி போர் நடந்த நிலம். காணி கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த பகுதிக்குள் வருகிறதா என்று பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்துங்கள். அதன்பிறகும் குழி வெட்டும்போது சந்தேகமான இரும்பு எது தெரிந்தாலும் வேலையை நிறுத்தி, ஆட்களைத் தூர விலக்கி, பொலிசுக்கு அறிவியுங்கள். கூலிக்கு வரும் பிள்ளைகளிடம் முதல்நாளே இதைச் சொல்லுங்கள்.

கூரைக்கு ஓடு அழகுதான், வெக்கையும் குறைவு. ஆனால் ஆள் இல்லாத வீட்டில் குரங்கு ஓட்டைக் கிளப்பிவிடும். ஒரு ஒக்டோபர் மழைக்குள் உள்ளே எல்லாம் ஊறிவிடும். அடியில் தகடு போட்டு அதன்மேல் ஓடு பதித்தால் குரங்கு கிளப்பினாலும் ஒழுகாது. அதுவே என் விருப்பம். குசினியை வடமேற்கு மூலையில், வீட்டோடு ஒட்டிய தனிக் கொட்டிலாக வையுங்கள், சோளகத்தில் புகை வீட்டுக்குள் வராது. உப்பு, நெல், வாழைக்குலை, பழுத்த பலா எதையும் இரவில் விறாந்தையில் விட வேண்டாம், யானை மணந்து வரும். யானை வேலி போடுவதென்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தோடு கதைத்து, அதற்கென்று இருக்கும் மின்துடிப்புக் கருவியோடுதான் போட வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பிக்குக் கொடுப்பது யானையையும் கொல்லும், அயல்வீட்டுப் பிள்ளையையும் கொல்லும்.

கழிவுத் தொட்டியை வீட்டின் தெற்குப் பக்கத்தில் வையுங்கள், ஊறும் குழியையும் அங்கேயே. கிணறு வடகிழக்கில், ஒதுக்கீட்டுக் கோட்டுக்கு மேலே. இரண்டுக்கும் இடையில் 90 அடி மட்டில் வரும், வழமையாகச் சொல்கிற 50 அடியைவிட இது நல்லது. வாஸ்து பார்க்கிற ஆசாரியும் ஈசான மூலையில் கிணறு என்றால் சந்தோசப்படுவார். டிசம்பரில் நிலத்தடி நீர் மேலே வரும்போது குழி நிரம்பி எதிர்த்து வரும் என்பதால், குழியை ஆழமாக்காமல், நிலத்துக்கு மேலே மேடாக்கி அகலமாகப் போடுங்கள். மேலே கல்வாழை நடலாம். சாதாரண வாழை வேண்டாம், யானைக்கு அழைப்பு வைத்த மாதிரி.

வவுனியாவில் இருக்கிற உங்களுக்குக் கிணற்றுத் தண்ணீரின் கதை தெரியும். கடினத்தன்மையும் புளோரைட்டும் பார்க்காமல் குடிக்க வேண்டாம், பரிசோதியுங்கள். நான் என்றால் குடிக்கவும் சமைக்கவும் மழைநீரையே நம்புவேன். 1,500 சதுர அடிக் கூரையில் ஒரு வருச மழை ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் லீற்றருக்குக் குறையாமல் விழும், வீணாவதைக் கழித்துத்தான் சொல்கிறேன். ஆளுக்கு நாளுக்கு 5 லீற்றர் என்றால் 14 பேருக்கு 70 லீற்றர். 10,000 லீற்றர்த் தொட்டி ஒன்று 140 நாளுக்குக் காணும். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட ஒரு திருப்பி, தொட்டிக்கு இறுக்கமான மூடி, நுளம்பு புகாத வலை, இவ்வளவும் போதும். குளத்தில் குளிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. முதலை உண்டு. ஊர் ஆட்கள் குளிக்கிற துறையில் அவர்கள் குளிக்கிற நேரத்தில் குளிக்கலாம், பிள்ளைகளைத் தனியே விட வேண்டாம். பிள்ளைகளுக்குத் தண்ணீர் விளையாட்டு வேண்டுமென்றால் கிணற்றடியில் அகலமான ஒரு தொட்டி கட்டுங்கள்.

பழைய வீட்டுத் தளத்தை உடைக்க வேண்டாம். அது கோட்டுக்கு மேலே உங்கள் காணிக்குள்தான் இருக்கிறது. சுத்தம் செய்து, வெடிப்பைப் பூசி, கூரையில்லாத முற்றமாக அப்படியே வைத்திருங்கள். தண்ணீருக்குக் கிட்ட இருக்கும் ஆசை உங்களுக்குப் பெரிதாக இருக்கிறதே, அது அங்கே நிறைவேறும். டிசம்பரில் குளம் அதன் காலடிக்கு வரும், புதிதாக ஒரு கல்லும் வைக்கத் தேவையில்லை. பின்னேரம் தேத்தண்ணியோடு போய் இருக்க நாலு மரவாங்கு போதும். எந்த அறை எங்கே இருந்தது என்று பேரப்பிள்ளைகளுக்கு அம்மா நடந்து காட்டலாம்.

ஆள் இல்லாத மாதங்களுக்கு ஒரு ஏற்பாடு தேவை. மேற்குப் பக்கக் களஞ்சியத்தில் மூன்று குடும்பத்துக்கும் தனித்தனிப் பூட்டோடு அலுமாரி. மெத்தை, நுளம்புவலை, பாத்திரம் எல்லாம் அதற்குள். மால் திறந்தபடியே கிடக்கட்டும், அங்கே களவெடுக்க எதுவும் இராது, குந்தும் தூணும்தான். மழைக்கு முன் விறாந்தையில் படங்கை இறக்கிக் கட்ட ஊரில் ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள். கறையானுக்கு அத்திவாரம் போடும்போதே மண்ணுக்கு மருந்து, நிலத்தோடு தொடாத மரம். முதிரை, பாலை மரம் வாங்கும்போது வன இலாகா அனுமதிச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பழைய வீடுகளின் கதவு, நிலை கிடைத்தால் இன்னும் நல்லது.

வேலை ஒழுங்கு இப்படி இருக்கட்டும். காணிக் காகிதத்தையும் நீர்மட்டக் கேள்வியையும் இப்போதே தொடங்குங்கள். அத்திவாரம் பெப்ரவரிக்குப் பிறகு, கூரை ஒக்டோபருக்கு முன். அதற்கு முன்னால் ஒரு டிசம்பரையாவது காணியில் பாருங்கள். வான் பாய்கிற நாளில் போய்த் தண்ணீர் நிற்கிற விளிம்பில் முளை அடித்து, நில அளவையாளரைக் கொண்டு முழுநீர் மட்டத்தோடு ஒப்பிட்டுப் படத்தில் ஏற்றுங்கள். வெள்ள வாய்க்கால் எந்தப் பக்கத்தால் ஓடுகிறது என்பதையும் அன்றைக்கே பார்க்கலாம். அந்தப் படத்தையும் பாலை மரத்தின் கிளை வட்டத்தையும் வைத்துக்கொண்டுதான் வரைபடக்காரர் முதல் கோட்டைக் கீற வேண்டும், பிரதேச சபைக்கு விண்ணப்பமும் அதற்குப் பிறகுதான்.